ஒயின்ஷாப்பும் பிளினியின் புகாரும்

தாம்பரத்தில் யாரிடம் வேணும்னாலும் ‘ஒயின்ஷாப்’ எங்கே என்று கேளுங்கள், கை காட்டி விடுவார்கள். உள்ளே போனால் பிராந்தியும் ரம்மும் பீரும்தான் முக்கால்வாசி. ஒயின் இருந்தால் ஒரு ஓரத்தில் இருக்கும். 1983இல் டாஸ்மாக் வந்தது, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. பலகையில் எழுத்து மாறியது, ஜனங்கள் வாயில் ‘ஒயின்ஷாப்’ மாறவில்லை.

எனக்கு ஒயின் பிடிக்கும். போன வருஷம் ஒரு கடையில் இத்தாலிப் பெயர் போட்ட பாட்டிலை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், மகாராஷ்டிராவில் தயாரானதாம். ஒயின் மோசமில்லை. ஆனால் நான் காசு கொடுத்தது ஒயினுக்கா, பெயருக்கா? அந்த எரிச்சலில்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தால், இந்தப் புகாருக்கு வயசு 2000. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானியர் மூத்த பிளினி, இதையேதான் புலம்பியிருக்கிறார்: இப்போது விற்பதெல்லாம் வெறும் பெயர்தான், பிழிந்த தொட்டியிலேயே கலப்படம் ஆரம்பித்து விடுகிறது என்று. இந்தியாவோடு செய்யும் வியாபாரத்தில் ரோமின் பணம் கரைகிறதே என்று வருத்தப்பட்டவரும் இவரேதான்.

அந்த வியாபாரத்தில் நம் பக்கம் வந்து இறங்கிய சரக்குகளில் ஒயினும் ஒன்று. தாம்பரத்தில் பஸ் ஏறினால், திண்டிவனம் தாண்டிப் புதுச்சேரி. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. இரண்டு கைப்பிடி, கூர்மையான அடி; கப்பலில் ஒயின் ஏற்ற ஏற்ற வடிவம். (எண்ணெய், மீன் சாறு அடைத்து வந்தவையும் உண்டு.)

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கோஸ் என்பது ஒரு கிரேக்கத் தீவு. கடல் தண்ணீர் கலந்து செய்யும் அதன் ஒயினுக்கு அப்போது நல்ல கிராக்கி. ஜாடியின் கைப்பிடி இரட்டைக் குழல் போல இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். இத்தாலிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ‘கோஸ் ஒயின்’ வீட்டிலேயே செய்வது எப்படி என்று கி.மு. 149இல் இறந்த கேட்டோ தன் விவசாயப் புத்தகத்தில் எழுதி வைத்தார். பிறகு குயவர்கள் அதே கைப்பிடியோடு ஜாடியும் செய்தார்கள். அசல் கோஸ் ஜாடி, அதைப் பார்த்துச் செய்த ஜாடி, இரண்டின் துண்டுகளும் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன.

புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொன் கலத்தில் குடித்து மகிழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். எந்தத் தீவு, எந்த மலை என்றெல்லாம் பாட்டில் இல்லை. ‘யவனர்’ என்ற பெயரே மதிப்புக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பெயருக்கு எவ்வளவு விலை? கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் கணக்கே இருக்கிறது. ஏறக்குறைய அரை லிட்டர் அளவுக்கு, ஃபலெர்னியன் போன்ற பெயர்பெற்ற ஒயின் 30 டெனாரியஸ். பெயர் இல்லாத, ஆனால் முதல் தரமான பழைய ஒயின் 24. சாதாரண நாட்டு ஒயின் 8. அந்த 24க்கும் 30க்கும் நடுவில் இருக்கும் 6 எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

பெயரைக் காப்பாற்றச் சட்டங்களும் வந்தன. போர்ச்சுகலில் போர்ட் ஒயின் விளையும் டோரோ பள்ளத்தாக்குக்கு 1756இலேயே எல்லை வகுத்தார்கள். இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஷாம்பெயினும் ஸ்காட்ச் விஸ்கியும் இங்கேயும் பதிவாகிவிட்டன. ஆனாலும் கோவாவில் செய்யும் இனிப்பு ஒயினை இன்றைக்கும் நாம் ‘போர்ட்’ என்றுதான் கூப்பிடுகிறோம்.

சரி, அசலையும் நகலையும் ஆய்வாளர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்? கைப்பிடியை மட்டும் நம்புவதில்லை, களிமண்ணைப் பார்க்கிறார்கள். வெசுவியஸ் சுற்றுவட்டாரத்து ஜாடி என்றால் மண்ணில் எரிமலையின் கறுப்பு மணல் தெரியும்.

நம் கையில் இருப்பது கண்ணாடி பாட்டில், மண்ணைப் பார்க்க வழியில்லை. பின்பக்கப் பொடி எழுத்தைத்தான் பார்க்கணும். நான் இப்போதெல்லாம் காசு கொடுப்பதற்கு முன்னாடியே அதைப் படித்து விடுகிறேன். மகாராஷ்டிரா ஒயின்தான் என்று தெரிந்தே, அதற்குத் தகுந்த விலை சொன்னால் சந்தோஷமாக வாங்குவேன்.