குடவோலையும் டாட்நெட்டும்

பி.காம். படிக்கிறவனுக்கு புரோகிராமிங் எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

திண்டிவனத்தில் எங்கள் தெருக் கோயில் திருவிழாக் கமிட்டிக்கு ஒரு பேங்க் கணக்கு. மூன்று பேர் பெயரில். 'யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். போன வருஷம் ஒரே கையெழுத்தில் வசூல் பணம் காலி. 'மூவரும் சேர்ந்து' என்று எழுதியிருந்தால் நடந்திருக்குமா?

விழுப்புரத்தில் பழைய டாட்நெட் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது இதே கேள்வி வந்தது. 2002-ல் வெளிவந்த டாட்நெட்டில், ஆளைப் பார்க்காமல் புரோகிராமைப் பார்த்து அனுமதி தரும் முறை இருந்தது. நிறுவனம், கம்ப்யூட்டர், பயனர் என்று அடுக்கடுக்காக விதிகள். ஒரே அடுக்குக்குள் கிடைக்கும் அனுமதிகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கடைசியில் எல்லா அடுக்குகளும் பொதுவாகத் தந்தது மட்டுமே செல்லும்.

இதை நம்மூர்க்காரர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள்! திண்டிவனத்திலிருந்து மதுராந்தகம் வழியாக உத்திரமேரூர் போய், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலம். 919-லும் 921-லும் வெட்டிய விதிகள்.

குடத்தில் ஓலை போட என்ன வேண்டும்? வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பு. எல்லாமே வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதானா? படிப்பு கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. அதாவது 'இது அல்லது அது'. இவ்வளவும் இருந்தாலும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. ஒரு தடை வந்தால் மற்ற தகுதியெல்லாம் செல்லாது.

குறையும் உண்டு. அது பிராமணர் சபை. ஊரில் மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது.

டாட்நெட் முறை என்ன ஆனது? சிக்கல் தாங்காமல் பலரும் 'முழு நம்பிக்கை' கொடுத்துவிட்டுப் போனார்கள். 2010-ல் வந்த நான்காம் பதிப்பில் அந்த விதி அடுக்குகள் ஓரங்கட்டப்பட்டன. 2016-ல் வந்த டாட்நெட் கோரில் அந்த முறையே இல்லை.

எங்கள் கமிட்டியும் அப்படித்தான், சிரமம் வேண்டாமே என்று ஒரு கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டது. இந்த வருஷம் புதுக் கணக்கு. மூன்று கையெழுத்தும் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கூடவே, கணக்குக் காட்டாதவருக்குக் கமிட்டியில் இடமில்லை என்றும்.