பொருநையின் மணலும் கடல் கொள்ளும் கரையும்

  

நமது ஆண்டறிக்கை மலரின் வரலாற்றுப் பகுதியில் பள்ளிவாசல்களின் பழமையையும் மார்க்க மேதைகளின் வாழ்வையும் எழுதி வருவதே வழக்கம். இவ்வாண்டு கடற்கரை மணலைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். வரவு செலவுக் கணக்கைத் தேடிப் பக்கம் புரட்டுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும். இதுவும் ஒருவகையில் வரவு செலவுக் கணக்குதான்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருச்செந்தூர்க் கடற்கரை பெருமளவு அரிக்கப்பட்டது. கோயிலுக்கு முன்பாக மக்கள் நீராடும் இடத்தில், வெட்டியெடுத்தாற்போல் மணல் பல அடி ஆழத்திற்கு இறங்கிற்று. மணலுக்கடியில் கிடந்த பழைய கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அதனையடுத்த அமலிநகரில், படகு நிறுத்தக் கரையில்லை என்று கூறித் தூண்டில் வளைவு கேட்டு மீனவ மக்கள் 2023இல் கடலுக்குச் செல்லாமல் போராடினர். இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்குள்ளாகியிருப்பதாகவும், தமிழகத்தில் அப்பங்கு நாற்பது விழுக்காட்டைத் தாண்டுவதாகவும் மத்திய அரசின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்துள்ளது. பறிபோகும் கரையை மீட்க யார் பணம் தருவது? எதைச் செய்வது என்று யார் முடிவெடுப்பது? ஆற்றங்கரையில் வாழும் நமக்கு இதில் என்ன என்று கேட்போருக்கும் விடை இக்கட்டுரையினுள் உண்டு.

நம் பொருநை ஒரு காலத்தில் கடலை வென்ற ஆறு. பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, வெள்ளந்தோறும் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் கரையை மேன்மேலும் கிழக்கே தள்ளின. பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அந்தக் காயலைத்தான். அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கிய துறை அது. பாண்டியப் பேரரசில் அமைச்சராய் விளங்கிய தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அவர்களின் பொறுப்பில் காயலும் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். 1870களில் அப்பகுதியை ஆய்ந்த கால்டுவெல், பழையகாயலைச் சுற்றிய மணற்பரப்பில் சீனப் பீங்கான் ஓடுகளையும் அரபு நாட்டு மட்கல ஓடுகளையும் பொறுக்கியெடுத்தார். அந்தக் காயலும் தூர்ந்தது. வணிகம் புன்னைக்காயலுக்கும் காயல்பட்டினத்திற்கும் பிற துறைகளுக்கும் இடம்பெயர்ந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. கடல் விலகியபோது நம் முன்னோர் கடலோடு போரிடவில்லை. கடலைப் பின்தொடர்ந்து ஊரையே நகர்த்தினர். அன்றைக்கு அதுவே மலிவான வழியாயிருந்தது. இன்று பட்டா நிலமும் காங்கிரீட் வீடும் கட்டி அமர்ந்துவிட்ட ஊர்களுக்கு அவ்வழி அடைபட்டுவிட்டது.

அவ்வளவு மணல் தந்த ஆற்றுக்கு என்னவாயிற்று? கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் ஈறாகப் பழைய அணைக்கட்டுகள் ஏழு. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870களில் நிறைவுற்றது. இவை தாழ்ந்த தடுப்புகள். வெள்ளக் காலத்தில் மணலின் ஒரு பகுதி இவற்றைத் தாண்டிச் செல்லும். பெரிய மாற்றம் மலையடிவாரத்தில் நேர்ந்தது. 1940களில் பாபநாசம் மேலணை, 1958இல் மணிமுத்தாறு, 1980களில் சேர்வலாறு என எழுந்த நீர்த்தேக்கங்கள் நமக்கு மின்சாரமும் பாசனமும் தந்தன, அந்நன்றியை மறப்பதற்கில்லை. ஆயினும் தேங்கிய நீரில் மணல் அடியில் படிந்துவிடும். மதகு வழியே வெளிவருவது பெரும்பாலும் தெளிந்த நீரே. எஞ்சிய ஆற்றுமணலை லாரிகள் கொண்டுபோயின. மூத்த தலைவர் நல்லகண்ணு அவர்கள் தாமே வழக்காடி, 2010இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குத் தடை பெற்றார். முதிர்ந்த வயதில் நீதிமன்றப் படியேறிய அப்பெரியவருக்கு இப்பள்ளத்தாக்கின் மக்கள் அனைவரும் கடன்பட்டுள்ளோம். கடற்கரையிலோ கார்னெட், இல்மனைட் முதலிய தாதுமணல் எடுப்பு நெடுங்காலம் நடந்தது. தமிழக அரசு 2013இல் அதனை நிறுத்தியது.

ஆக, கரைக்கு வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. கடல் தன் பங்கை எடுத்துக்கொண்டேயிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தின் அலைகள் கரையோர மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தின் அலைகள் தெற்கே நகர்த்தும். கண்ணுக்குத் தெரியாத மணலாறு ஒன்று கரையோரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ளலாம்.

அந்த ஆற்றின் குறுக்கே இடும் கல்லணைதான் தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் பாறைகளை அடுக்கி நீட்டினால், மணல் வரும் பக்கத்தில் தேங்கிக் கரை வளரும். மறுபக்கத்து ஊருக்கு மணல் வராது, அங்கே கரை கரையும். அவ்வூராரும் தூண்டில் வளைவு கேட்பர். அது கட்டப்பட்டதும் அரிப்பு அதற்கடுத்த ஊருக்குப் போகும். இதனை நாம் குறையாகக் கூறவில்லை. படகு நொறுங்கும் கரையில் நிற்பவர்க்குத் தம் ஊரைக் காக்கும் உரிமை உண்டு. அமலிநகருக்கு அரசு ஒதுக்கிய தொகை 58 கோடி ரூபாய். அவ்வூர் மக்கள் தாமே திரட்டக்கூடிய தொகையா அது?

தலைமடை கடைமடை வழக்கறியாதவர் நம்மில் யார்? கார் சாகுபடிக்கு மேல்கால்களில் நீர் திறந்துவிட்டு, மருதூர், ஸ்ரீவைகுண்டம் பாசனத்தார் காத்துக்கிடந்த ஆண்டுகள் பல. தலைமடைக்காரன் மடையை அடைத்தால் கடைமடை காயும் என்பது இப்பள்ளத்தாக்கில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அதற்காகவே முறைவைத்து நீர் பாய்ச்சும் வழக்கமும், தீர்த்துவைக்கப் பொதுவான ஒருவரும் ஏற்பட்டனர். மணலுக்கு மட்டும் அத்தகைய முறை ஏற்படவில்லை. ஒவ்வோர் ஊரும் தனித்தனியே மனுக் கொடுக்கிறது; ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே திட்டம் வருகிறது. மணலுக்கும் கடைமடை உண்டு என்பதை ஊர்கள் ஒன்றுகூடிப் பேசும் மஷூரா மன்றம் எங்கே?

இனிப் பணத்தின் வரலாற்றுக்கு வருவோம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் ஆற்றுப்பாலத்தை நாள்தோறும் கடக்கிறோம். 1840களில் பாலம் வேண்டும் என்று ஆட்சியர் தாம்சன் கூட்டம் கூட்டியபோது, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவதென்றே பேசப்பட்டது. முடிவில் ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோசன முதலியார் அப்பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுத் தம் சொந்தச் செல்வத்தைக் கொடுத்தார். 1843இல் திறக்கப்பட்ட அப்பாலம் இன்றும் அவர் பெயராலேயே நிற்கிறது. இது ஸதக்கத்துல் ஜாரியாவுக்கு ஒப்பான கொடை என்று நாம் சொன்னால் மிகையாகாது.

ஆனால் கடற்கரை பாலம் போன்றதன்று. ஒருமுறை கட்டிக் கல்வெட்டுப் பொறித்துவிட்டு அகல முடியாது. கொட்டிய மணலை அலை மீண்டும் எடுக்கும்; சில ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் கொட்ட வேண்டும். இதன் அருமை நமது நிர்வாகக் குழுவுக்கு நன்கு தெரியும். மினாரா கட்ட நன்கொடை கேட்டால் ஒரே ஜும்ஆவில் வாக்குறுதி குவியும். ஹவுளுக்கு நீரேற்றும் மோட்டாரின் மின்கட்டணத்திற்கு மாதச் சந்தா கேட்டால் மூன்று முறை வீடு தேட வேண்டியிருக்கிறது. கடற்கரையும் மாதச் சந்தா வகையைச் சேர்ந்தது.

சந்தா வகைச் செலவுக்கு நம் நாட்டில் இரண்டு பழைய வழிகள் இருந்தன. ஒன்று மகமை. விற்கும் சரக்கின்மேல் சிறுதொகை ஒதுக்கிப் பொதுக்காரியத்திற்கு வைத்தல். வணிகச் சமுதாயங்கள் பள்ளிகளையும் சத்திரங்களையும் குளங்களையும் இதனாலேயே நடத்தின. மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கும் கடலோர ஊர்களின் வழக்கமும் இவ்வினமே. மற்றொன்று குடிமராமத்து. குளத்து நீரை உண்பவர் அக்குளத்தின் கரையை ஆண்டுதோறும் செப்பனிட உழைப்புத் தர வேண்டும். ஆங்கிலேயர் 1858இல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினர். மனமுவந்து செய்த வழக்கம், சட்டமானபின் வலுவிழந்தது. முடிவெடுப்பவர் வேறாகவும் உழைப்பவர் வேறாகவும் ஆனதே காரணம் என்பது எங்கள் கருத்து. தமிழக அரசு 2016-17இல் குடிமராமத்துப் பெயரில் மீண்டும் தொடங்கிய திட்டத்தில், பாசனதாரர் பத்து விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றிருந்தது. பத்து விழுக்காடு சிறிதுதான். ஆனால் அதைத் தந்தவர் கேள்வி கேட்கும் உரிமை பெறுகிறார்.

கடலோடு நெடுங்காலம் வழக்காடிய ஹாலந்து நாட்டை இங்கே நினைவுகூர்தல் தகும். கடல்மட்டத்திற்குக் கீழே நிலம் கொண்ட அந்நாட்டில், 13ஆம் நூற்றாண்டிலேயே நீர்வாரியங்கள் தோன்றின. ரைன்லாந்து வாரியத்திற்கு 1255இல் பட்டயம் கிடைத்தது. அதாவது காயலில் குதிரைகள் இறங்கிய அதே நூற்றாண்டு! கரையால் காக்கப்படும் நிலம் எவருடையதோ அவர் வரி செலுத்துவார்; செலுத்துபவர் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார். அவ்வாரியங்கள் இன்றும் தனித் தேர்தலும் தனி வரியும் கொண்டு இயங்குகின்றன. கடற்கரைக்கு மணல் இடும் செலவை மட்டும் நாட்டின் பொதுக் கருவூலம் ஏற்கிறது. ஏனெனில் அது ஓர் ஊரின் ஆற்றலுக்கு மிஞ்சியது. 2011இல் அவர்கள் ஒரே இடத்தில் 2 கோடியே 15 இலட்சம் கன மீட்டர் மணலைக் குவித்துவிட்டு, அதனை அக்கம்பக்கத்துக் கரைகளுக்குப் பரப்பும் வேலையை அலைகளிடமே விட்டனர். தலைமடையில் நீர் திறந்து கடைமடை வரை பாயவிடுவதைப் போன்றதுதான் அது.

நம் அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்திற்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறித்தன. வடக்கேயிருந்த நகரக் கடற்கரை சில ஆண்டுகளில் மறைந்து, பாறைக்குவியலே எஞ்சிற்று. குடிமக்கள் சிலர் ஒன்றுகூடி, கடலறிஞர்களை அழைத்துவந்து காரணத்தை விளக்கி, ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் கதவைத் தட்டினர். தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2018இல் நீருக்கடியில் ஆப்பு வடிவ இரும்பு அமைப்பொன்றை இறக்கியது. துறைமுக முகத்துவாரத்தில் தோண்டிய மணலும் கரைக்கு ஊட்டப்பட்டது. தலைமைச் செயலகத்திற்கு எதிரே ஒரு துண்டுக் கடற்கரை மீண்டும் தோன்றியது. பணம் அரசினுடையது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவு மக்களிடமிருந்து தொடங்கியது.

நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் நெருப்பையும் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கிய நபிமொழி நாம் அறிந்ததே. மணலும் அவ்வரிசையில் வருமா என்பதை ஆலிம் பெருமக்கள் விளக்கட்டும். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் தூர்வாரும் பணி தொடங்கியபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேங்கியது எவ்வளவு என்பதை மக்கள் கண்ணால் கண்டனர். வண்டல் வயலுக்கு உரியது. பருமணலோ, தடையில்லாதிருந்தால், புன்னைக்காயல் வழியே கடலோரம் சேர்ந்து ஏதோ ஓர் ஊரின் படகுத்துறையாய்க் கிடந்திருக்கும்.

இதனை எழுதும் வேளையில் நமது திருமண மண்டபத்தின் மேல்தளப் பணி நிற்கிறது. ஆற்றுமணல் கொண்டுதான் பூச வேண்டும் என்று ஒரு சாராரும், எம்-சாண்ட் போதும் என்று மறுசாராரும் கூறிவருகின்றனர். எம்-சாண்டுக்கும் ஒரு மலை உடைபடத்தான் செய்கிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டதையும் இங்கே பதிவு செய்கிறோம். இரண்டுக்குமான விலைப்புள்ளிகள் ஜமாஅத் அலுவலகத்தில் அஸர் தொழுகைக்குப் பின் பார்வைக்கு வைக்கப்படும். பொருள் அடுத்த பொதுக்குழுவின் நிரலில் நான்காவதாக உள்ளது.