மரப்பூசியில் கலந்த மருந்து

ஞானப்பல் எடுக்கும்போது மரப்பூசியில் எதைக் கலக்கலாம் என்ற கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1884-ல் மருத்துவர் கார்ல் கோலர் கோகைனால் கண்ணை மரக்கச் செய்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட்டின் குழுவினர் அதைக் கொண்டே கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்தார்கள். ஆனால் மருந்து சீக்கிரமே ரத்தத்தில் கலந்து போயிற்று. அளவைக் கூட்டினால் நஞ்சாயிற்று. 1903-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹைன்ரிஷ் பிரவுன் அதனுடன் அட்ரினலினைச் சேர்த்தார். ரத்தக்குழாய்கள் சுருங்கின, மருந்து போட்ட இடத்திலேயே தங்கியது, ரத்தக் கசிவும் குறைந்தது. 1948-ல் விற்பனைக்கு வந்த லிக்னோகைன்கூடத் தனியாகப் பல்லுக்குள் சில நிமிடங்களே தாங்கும். அட்ரினலின் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரும்பாலான ஞானப்பல்லுக்கு இது போதும்.

ஆகவே மரப்பு நேரத்தை மேலும் நீட்டும் போட்டி மும்பையின் கோவண்டிக்குப் பெரிதாக உதவாது. அங்கே தேவ்னார் குப்பைமேட்டை ஒட்டிய சிவாஜி நகரில் பலர் அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு. அவர்களைப் படுக்கவைப்பது பல் எடுத்த இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும் வீக்கமும், உணவை வாய்க்குள் வைக்கவே முடியாதபடி இறுகிப்போகும் தாடையும்தான். அதைக் குறைப்பது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 1.8 மி.லி. லிக்னோகைன்-அட்ரினலினுடன் 4 மி.கி. டெக்சாமெத்தசோனை ஒரே சிரிஞ்சில் சேர்க்கும் ‘ட்வின் மிக்ஸ்’ முறையை ஆராய்ந்து எழுதியவர்கள் இந்திய மருத்துவர்களே. மேலைநாடுகளில் மூடிய கார்ட்ரிட்ஜில் வரும் மருந்து இங்கே 30 மி.லி. குப்பியில் வருவதால் கலப்பது எளிது; இந்த முறை இங்கே வேர்விட அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மரப்பூசியில் கலக்கும் இன்னொரு மருந்தான டெக்ஸ்மெடடோமிடின் இன்னும் விரைவாக, நீண்ட நேரம் மரக்கச் செய்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது தீவிர சிகிச்சைப் பிரிவின் அமைதியூட்டி. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கக்கூடும், தூக்கம் வரும். கண்காணிப்புக் கருவி இல்லாத சிறு கிளினிக்கில் அதைப் போட்டு, ஆளை ஹார்பர் லைன் ரயில் கூட்டத்துக்குள் அனுப்புவது நியாயமில்லை. டெக்சாமெத்தசோனை மாத்திரையாகவே தரலாமே என்பது வலுவான மறுப்பு. அதற்கும் பலன் உண்டு. கலந்து போடுவதன் ஆதாயம் மருந்து காயத்தருகே இறங்குவதும், தனி ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டால் ஓர் ஊசி மிச்சமாவதும்தான். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பையும் தணிக்கக்கூடும் என்பதால், காசநோய் அதிகமுள்ள இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு டோஸ் என்றாலும் நோய் விவரம் கேட்டுவிட்டே போட வேண்டும். ஊசிக்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, காசநோய் சிகிச்சை எதையும் பல் டாக்டரிடம் மறைக்காதீர்கள். என்ன கலக்கிறார் என்று நீங்களும் கேளுங்கள்.