ஒரே ஓவரில் 26 ரன் கொடுத்தவருக்கு இந்திய ஒருநாள் அணியில் இடம் ஏன்? ஹர்ஷித் ராணா சர்ச்சையின் முழு விவரம்

இந்திய ஒருநாள் அணி அறிவிப்பு வந்தாலே சமூக வலைதளங்களில் முதலில் அடிபடுவது ஹர்ஷித் ராணாவின் பெயர்தான். ‘லைனும் லெங்த்தும் இல்லாத பையனை எதுக்கு எடுக்கிறாங்க?’ என்று ஒரு கூட்டம். ‘இந்த உயரமும் வேகமும் வேற யார்கிட்ட இருக்கு?’ என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருப்பதுதான் சிக்கலே.

நாக்பூரில் நடந்தது என்ன?

2025 பிப்ரவரி 6. இங்கிலாந்துக்கு எதிராக ராணாவின் முதல் ஒருநாள் போட்டி. அவரது ஒரே ஓவரில் ஃபில் சால்ட் 26 ரன் விளாசினார். அறிமுக ஆட்டத்தில் இப்படி அடி வாங்கினால் பலருக்கும் கை நடுங்கிவிடும். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே ராணா ஒரே ஓவரில் பென் டக்கெட்டையும் ஹாரி புரூக்கையும் வீழ்த்தினார். ஆட்டம் முடியும்போது அவரது கணக்கு: 7 ஓவர், 53 ரன், 3 விக்கெட். அந்த ஏழு ஓவரில் ஒன்று மெய்டன் என்பதுதான் வேடிக்கை.

ராணா என்ற பவுலரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஸ்கோர்கார்டே போதும். நல்ல பந்து எப்போது வரும், மோசமான பந்து எப்போது வரும் என்று கேப்டனுக்கே தெரியாது.

டி20-ல் ஓகே, ஒருநாள் போட்டியில் ஏன் பிரச்சினை?

டி20-ல் ஒரு பவுலருக்கு அதிகபட்சம் 4 ஓவர். முதல் ஓவரில் அடி விழுந்தால் அவரை ஓரங்கட்டிவிட்டு, கிடைக்கிற ஆட்களை வைத்து மீதியைச் சமாளித்துவிடலாம். ஒருநாள் போட்டியில் ஐந்து பவுலர்கள் ஆளுக்கு 10 ஓவர் போட்டால்தான் 50 ஓவர் முடியும். ஒருவர் 4 ஓவரில் 45 ரன் கொடுத்துவிட்டார் என்றால், மீதி 6 ஓவரை யார் போடுவது? பகுதி நேர பவுலரைக் கொண்டுவந்தால் அடி இன்னும் பலமாக விழும். அவருக்கே மறுபடி பந்தைக் கொடுத்தால் நாக்பூர் மாதிரி விக்கெட்டும் விழலாம், இன்னொரு 26-ம் போகலாம்.

இதில் வைடு கணக்கு வேறு. ஒரு வைடுக்கு ஒரு ரன் மட்டும் போவதில்லை, கூடுதலாக ஒரு பந்தும் வீச வேண்டும். லெக் சைடில் கொஞ்சம் விலகினாலே ஒருநாள் போட்டியில் நடுவர் கையை விரித்துவிடுவார். நோபால் என்றால் ஃப்ரீ ஹிட். முதல் 10 ஓவருக்கு உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள் மட்டுமே நிற்க முடியும் என்பதால், அப்போது லெங்த் தவறிய பந்துக்கு எல்லைக்கோட்டில் காவல் கிடையாது.

இப்படி எடுத்து முன்பு என்ன ஆனது?

உம்ரான் மாலிக்கை மறந்திருக்க மாட்டீர்கள். ஐபிஎல் 2022-ல் 22 விக்கெட், மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் சர்வசாதாரணமான வேகம். அதே ஆண்டு நவம்பரில் ஆக்லாந்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஒருநாள் அறிமுகம்: 10 ஓவர், 66 ரன், 2 விக்கெட். மொத்தம் 10 போட்டிகளில் 13 விக்கெட் எடுத்தார். ஓவருக்குக் கொடுத்தது ஆறரை ரன். 2023 ஜூலைக்குப் பிறகு ஒருநாள் அணிப் பக்கம் அவர் பெயர் வரவே இல்லை. 13 விக்கெட் மோசமில்லைதான். ஆனால் கேப்டன் அவரிடம் தைரியமாக 10 ஓவரைக் கொடுக்கும் நிலை உருவாகவில்லை.

சென்னை ரசிகர்களுக்கு நெருக்கமான உதாரணம் மதீஷ பத்திரன. ஐபிஎல் 2023-ல் சிஎஸ்கே-வுக்கு கடைசி ஓவர்களை வீசி 19 விக்கெட் எடுத்தார். அவரைச் சிவப்புப் பந்து கிரிக்கெட் பக்கம் அனுப்ப வேண்டாம், ஐசிசி தொடர்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்ற பொருளில் தோனி அப்போது பேசினார். அந்த ஐசிசி தொடரும் வந்தது. 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 10 ஓவரில் 95 ரன், அடுத்து ஹைதராபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 9 ஓவரில் 90 ரன் போனது. பிறகு காயம், தொடரிலிருந்தே விலகல். சேப்பாக்கத்தில் தோனி அவரை எந்த ஓவரில் கொண்டுவர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தினார். 50 ஓவர் ஆட்டத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அப்படியிருந்தும் ராணாவை ஏன் விடவில்லை?

மூன்று விஷயங்கள் அவருக்குச் சாதகம். அடுத்த உலகக் கோப்பை 2027-ல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் நடக்கிறது. தென்னாப்பிரிக்க ஆடுகளங்களில் பந்தைத் தரையில் ஓங்கிக் குத்தும் உயரமான பவுலருக்கு மதிப்பு அதிகம். இரண்டாவது, 8-வது இடத்தில் பேட் பிடிக்கத் தெரிந்த வேகப்பந்து வீச்சாளர் வேண்டும் என்கிறது அணி நிர்வாகம். 2026 ஜனவரியில் இந்தூரில் நியூசிலாந்துக்கு எதிராக ராணா 3 விக்கெட் எடுத்தார், 80-க்கும் மேல் ரன் கொடுத்தார், பிறகு பேட்டிங்கில் 52 அடித்தார். இந்தியா தோற்றது. திட்டுபவருக்கும் பாராட்டுபவருக்கும் ஒரே மேட்சில் தீனி!

மூன்றாவது, விதி மாற்றம். 2011 முதல் ஒருநாள் போட்டியில் இரு முனையிலும் தனித்தனிப் புதுப் பந்து. பந்து பழசாகவே வழியில்லாததால் ரிவர்ஸ் ஸ்விங் ஏறக்குறைய காணாமல் போனது. 2025 ஜூலை முதல் 34 ஓவர் வரைதான் இரண்டு பந்து. அதன்பின் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்து கடைசி வரை வீச வேண்டும். பழைய பந்தை வேகமாக வீசத் தெரிந்தவருக்கு இது லாபம்.

ஸ்ரீகாந்த் - கம்பீர் மோதல்

2025 அக்டோபரில் ஆஸ்திரேலியத் தொடருக்கு ராணா தேர்வானதும், முன்னாள் தேர்வுக்குழுத் தலைவர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் தன் யூடியூப் சேனலில் வெளுத்து வாங்கினார். பயிற்சியாளர் கவுதம் கம்பீருக்கு வேண்டியவர் என்பதால்தான் இடம் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. 2024-ல் கோப்பை வென்ற கொல்கத்தா அணியில் கம்பீர் ஆலோசகர், ராணா 19 விக்கெட் எடுத்த பவுலர். அதனால் சந்தேகம் எழுந்ததில் ஆச்சரியமில்லை. கம்பீரோ, யூடியூப் பார்வைகளுக்காக 23 வயதுப் பையனைக் குறிவைப்பது வெட்கக்கேடு என்று கொதித்தார்.

தொடரில் என்ன நடந்தது? பெர்த்தில் விக்கெட் இல்லை. அடிலெய்டில் 2. சிட்னியில் 39 ரன்னுக்கு 4 விக்கெட், ஆஸ்திரேலியா 236-ல் ஆல் அவுட். மூன்று மேட்சில் ஒன்று நன்றாகப் போனது. அதற்காகத் தேர்வு முறையில் கேள்வியே கேட்கக் கூடாது என்றாகிவிடாது. அதே சமயம், அணியில் யாரும் அசைக்க முடியாத இடம் அவருக்குக் கொடுக்கப்பட்டதாகவும் சொல்ல முடியாது. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு ராணாவை வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே வந்த வருண் சக்கரவர்த்தி நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட் எடுத்தார்.

புதுச்சேரிக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. புதுச்சேரிக்கு ரஞ்சி அணி கிடைத்தது 2018-ல்தான். அந்த முதல் சீசனில் அணிக்கு ஆடியவர் பங்கஜ் சிங். ராஜஸ்தானுக்காக ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் பந்தைக் குத்திக் குத்தி, ரஞ்சியில் 400 விக்கெட்டைத் தாண்டியவர். ஒழுங்கான லைன், ஒழுங்கான லெங்த். உள்ளூர் கிரிக்கெட்டில் அவரைவிட நம்பகமானவர்கள் குறைவு. இந்தியாவுக்காக அவர் ஆடிய ஒருநாள் போட்டி ஒன்றே ஒன்று, 2010-ல் ஹராரேயில் இலங்கைக்கு எதிராக. அப்போது தேர்வுக்குழுத் தலைவர் யார் தெரியுமா? இதே ஸ்ரீகாந்த்தான்.

2024 ஜனவரியில் ராணாவின் சொந்த அணியான டெல்லியை, அதன் மைதானத்திலேயே புதுச்சேரி 9 விக்கெட் வித்தியாசத்தில் சாய்த்தது. அந்த மேட்சில் கவுரவ் யாதவ் 49 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். மறுநாள் தலைப்புச் செய்தி ஆனார், அவ்வளவுதான். ஒழுங்காக வீசுபவர் பத்து சீசன் காத்திருக்க, 145 கி.மீ. வேகத்தில் வீசும் 22 வயதுக்காரருக்கு ஐபிஎல் வழியாகக் கதவு சீக்கிரம் திறக்கிறது என்ற ஆதங்கம் உள்ளூர் பவுலர்களுக்கு இருப்பது இதனால்தான். வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, துல்லியத்தைப் பழக்கிவிடலாம் என்பது தேர்வாளர்களின் பழைய கணக்கு. உம்ரான் விஷயத்தில் அந்தக் கணக்கின் பின்பாதி நடக்கவில்லை.

துத்திப்பட்டு மைதானத்தில் பயிற்சி எடுக்கும் ஒரு பையனுக்கு இப்போது பாண்டிச்சேரி பிரீமியர் லீக் இருக்கிறது. அங்கே அவருக்குக் கிடைப்பது 4 ஓவர். அடி வாங்கிய பிறகும் திரும்பி வந்து 10 ஓவரை முடிக்கிறாரா என்று தேர்வாளர்கள் பார்க்க வேண்டுமானால், அதற்கு விஜய் ஹசாரே டிராபியில் அவருக்கு இடம் கிடைக்க வேண்டும்.