மான் இருக்கும் ஊர்

வீடு மாற்றுவதென்றால் நாம் என்னவெல்லாம் விசாரிப்போம்? தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா, பஸ் உண்டா, வாடகை எவ்வளவு. "மான் கிடைக்குமா?" என்று யாரும் கேட்பதில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அப்படிக் கேட்டால் வனத்துறைதான் வந்து பதில் சொல்லும். ஆனால் 250 வருடங்களுக்கு முன் வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலையோரத்தில் இருந்த பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கேள்வி. மனைவி, பிள்ளைகள், மாடு, விதை நெல்லுக்குப் பதிலாக விதைச் சோளம், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மான் இருக்கும் திசை பார்த்துக் கிளம்பினார்கள்.

அவர்களில் பெயர் நிலைத்தவர் டேனியல் பூன். அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் அவர் காட்டைத் திறந்துவிட்ட வீரர். எனக்கு அவரை வேறு மாதிரி பார்க்கத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்க நல்ல வேட்டைக்காடு தேடிக் குடும்பத்தை இடம் மாற்றிக்கொண்டே இருந்த ஒரு குடும்பஸ்தர். அவர் போன ஒவ்வோர் ஊரிலும் கொஞ்ச காலத்தில் மான் இல்லாமல் போனது. இது ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இது கறி ஆசையோ பொழுதுபோக்கோ இல்லை. மான் என்றால் காசு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோல் காற்சட்டைக்கும் கையுறைக்கும் பெரிய கிராக்கி. ஐரோப்பாவில் மாட்டு நோய் வந்து மாட்டுத்தோல் வரத்துக் குறைந்தபோது அமெரிக்க மான்தோலுக்கு மவுசு இன்னும் ஏறியது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கரோலினாவிலிருந்து வருடத்துக்குச் சராசரி 50 ஆயிரம் தோல்களுக்கு மேல் கப்பலேறின. எல்லைப்புறத்தில் நாணயம் அபூர்வம். அதனால் கணக்கையே மான்தோலில் எழுதினார்கள். 1748இல் ஓஹாயோ பக்கம் போன கான்ராட் வைசரின் குறிப்பில் சாராயப் பீப்பாயின் விலை 'பக்' கணக்கில்தான் இருக்கிறது. பக் என்றால் கலைமான். டாலரை இன்றும் அமெரிக்கர்கள் பக் என்கிறார்களே, அதன் வேர் இங்கே என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

பூன் 1734இல் பென்சில்வேனியாவில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா 1750 வாக்கில் குடும்பத்தோடு தெற்கே நகர்ந்து வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் குடியேறினார். அப்போது அது மான் நிறைந்த இடம். 1756இல் டேனியலுக்கும் ரெபெக்கா பிரையனுக்கும் கல்யாணம் ஆயிற்று. கோடையில் உழவு, மற்ற நாளெல்லாம் வேட்டை என்று பெயருக்குத்தான். விவசாயத்தில் அவருக்கு மனம் ஒட்டவே இல்லை. பின்னாலேயே மற்ற குடும்பங்களும் வந்தன. காடு வயலாயிற்று, பன்றியும் மாடும் புதர்களில் மேய்ந்தன. 1760களில் மான் தேடி வெகுதூரம் போக வேண்டியதாகிவிட்டது.

1765இல் அவர் புளோரிடாவைப் பார்க்கப் போனார். அப்போதுதான் அது பிரிட்டிஷ்காரர் கைக்கு வந்திருந்தது. சதுப்பும் கொசுவுமாக இருந்த அந்தப் பயணத்தில் வேட்டை சரியாக அமையவில்லை. இருந்தும் மனுஷன் பென்சகோலாவில் ஒரு மனை வாங்கிவிட்டுத்தான் திரும்பினார். வீட்டில் வந்து சொன்னார். ரெபெக்கா முடியாது என்றுவிட்டார். சொந்தபந்தத்தை விட்டு அவ்வளவு தூரம் வர மாட்டேன், அவ்வளவுதான். நான் படித்த வரையில், எங்கே குடியேறுவது என்பதில் அந்த அம்மாளின் பேச்சு எடுபட்ட இடம் இது ஒன்றுதான்.

அடுத்து கென்டக்கி. பழைய தோழரும் வியாபாரியுமான ஜான் ஃபின்லி அந்தப் பக்கத்தைப் பற்றிக் கதைகதையாகச் சொல்லியிருந்தார். 1769 மே 1ஆம் தேதி ஆறு பேர் கம்பர்லாண்டு கணவாய் வழியாகப் போனார்கள். ஃபின்லி சொன்னது பொய்யில்லை. சிறுமூங்கில் அடர்ந்த சமவெளி, உப்பூற்றுகள், அந்த உப்பை நக்க மந்தை மந்தையாக வரும் மானும் காட்டெருமையும். ஏழு மாதம் சுட்டார்கள், உரித்தார்கள், மயிர் சுரண்டித் தேய்த்துத் தோலைக் கட்டுக்கட்டாக அடுக்கினார்கள். டிசம்பரில் ஷானி இனத்தவர் வந்து பிடித்தார்கள். தலைவர் பெயர் கேப்டன் வில். தோல்களையும் குதிரைகளையும் எடுத்துக்கொண்டு ஆட்களை உயிரோடு விட்டுவிட்டார். இது எங்கள் வேட்டைக்காடு, இங்கே உள்ள விலங்கும் தோலும் எங்களுடையவை, திரும்ப வந்தால் குளவி கொட்டும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

பூன் போகவில்லை. ஒளிந்து திரிந்து மறுபடி வேட்டையாடினார். கூட வந்த மைத்துனர் ஜான் ஸ்டூவர்ட் காட்டில் காணாமல் போனார். 1771இல் ஊர் திரும்பும் வழியில் மிச்சத் தோலும் பறிபோனது. இரண்டு வருட உழைப்புக்குக் கடன்தான் மிச்சம். அவர் பிடிபட்ட அதே டிசம்பரில் வீட்டில் ரெபெக்காவுக்கு ஏழாவது குழந்தை பிறந்திருந்தது. இவர் காட்டில் இருந்த காலம் முழுக்க வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேப்டன் வில் சொன்னதை நாம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். கென்டக்கி யாரும் இல்லாத காடு என்பது பின்னால் கட்டிய கதை. 1750கள் வரை எஸ்கிப்பகிதிகி என்ற ஷானி ஊர் அங்கே இருந்தது. ஃபின்லி கடை போட்டதே அந்த ஊரில்தான். பிறகும் ஷானிகளும் செரோக்கீகளும் அங்கே பருவந்தோறும் வேட்டைக்கு வந்தார்கள். கிழக்குக் காடுகளின் பூர்வகுடிகள் புதரைத் தீவைத்துக் கட்டுப்படுத்துவார்கள். எரிந்த இடத்தில் இளம்புல் முளைக்கும், புல்லுக்கு மான் வரும். வெண்வால் மானுக்கு அடர்காட்டைவிட இப்படிக் காடும் வெளியும் சந்திக்கும் ஓரங்கள்தான் பிடிக்கும். பூனும் நண்பர்களும் இயற்கையின் கொடை என்று நினைத்து வாய்பிளந்து நின்ற இடத்தில் மனிதக் கை இருந்தது.

அதற்காகப் பூர்வகுடிகளை மானைத் தொடாத முனிவர்கள் ஆக்கிவிடவும் கூடாது. துப்பாக்கி, துணி, சாராயம் எல்லாவற்றுக்கும் அவர்களும் தோலால்தான் விலை கொடுத்தார்கள். கடன் ஏற ஏற அதிகமாகச் சுட்டார்கள். ஆனால் அவர்கள் அங்கே வேட்டைக்கு வந்து போனார்கள். பூன் குடியேற விரும்பினார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மானின் கதையையே மாற்றியது.

1773 செப்டம்பரில் பூன் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டார். வேறு குடும்பங்களும் சேர்ந்து ஏறக்குறைய 50 பேர். அக்டோபர் 10ஆம் தேதி விடிகாலை, பின்னால் சாமான்களோடு வந்துகொண்டிருந்த சிறு கூட்டத்தை டெலவேர், ஷானி, செரோக்கீ ஆட்கள் தாக்கினார்கள். பூனின் மூத்த மகன் ஜேம்ஸ் அதில் இருந்தான். 16 வயது. சித்திரவதை செய்து கொன்றார்கள். எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நிலம் விற்றாயிற்று, போக வீடில்லை. அந்தக் குளிர்காலத்தை இன்னொருவர் குடிசையில் கழித்தார்கள்.

நாமாக இருந்தால் அத்தோடு விட்டிருப்போம். பூன் விடவில்லை. 1775 மார்ச்சில் நில வியாபாரி ரிச்சர்டு ஹெண்டர்சன் செரோக்கீ தலைவர்கள் சிலரிடம் ஏறக்குறைய 2 கோடி ஏக்கரை எழுதி வாங்கினார். டிராகிங் கேனூ என்ற இளம் தலைவர் அங்கேயே எதிர்த்தார். ஷானிகளை யாரும் கேட்கவே இல்லை. பூன் சுமார் 30 கோடாரிக்காரர்களோடு பாதை வெட்டிக்கொண்டு போய் கென்டக்கி ஆற்றங்கரையில், உப்பூற்றுப் பக்கத்தில், பூன்ஸ்பரோவை அமைத்தார். அந்தக் கோடையில் பிறந்த ஆண் குழந்தையையும் ரெபெக்கா பறிகொடுத்தார். அதன் பிறகுதான் மற்றப் பிள்ளைகளோடு அங்கே போனார்.

நான் படித்ததில் என்னை உலுக்கிய இடம் அந்த மே மாதம். ஊர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பெரிய எல்ம் மரத்தடியில் புதுக் காலனியின் சட்டசபை கூடியது. அங்கே பூன் ஒரு மசோதா கொண்டுவந்தார். எதற்குத் தெரியுமா? வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க! கண்டபடி சுட்டுப் பாதி இறைச்சியைக் காட்டிலேயே அழுகவிட்டிருந்தார்கள். கறிக்காக 15, 20 மைல் போக வேண்டியிருக்கிறது என்று ஹெண்டர்சன் நாட்குறிப்பில் புலம்புகிறார். மானுக்காகத் தேர்ந்தெடுத்த ஊரில், குடும்பம் வந்து சேருவதற்கு முன்பே, மான் ஓடிவிட்டது. பூனுக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் சட்டம் போட்டவர்களுக்கு அதை நடத்திக்காட்ட ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1776இல் மகள் ஜெமைமாவைக் கடத்தினார்கள், பூன் மீட்டார். 1778இல் அவரையே ஷானிகள் பிடித்துப்போனார்கள். இறந்துவிட்டார் என்று நினைத்து ரெபெக்கா பிள்ளைகளோடு வட கரோலினாவுக்குத் திரும்பினார். பூன் தப்பித்து வந்து, மறுவருடம் மறுபடி அழைத்துக்கொண்டு போனார். 1782இல் புளூ லிக்ஸ் சண்டையில் இன்னொரு மகன் இஸ்ரேல் செத்தான். பூன் வெட்டிய பாதையில் ஜனம் வந்துகொண்டே இருந்தது. 1790 கணக்கெடுப்பில் கென்டக்கியில் 73 ஆயிரம் பேர். 1800இல் 2 லட்சத்து 20 ஆயிரம். பத்திரக் குளறுபடியில் பூனின் நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 1799இல், 60 வயதைத் தாண்டிய அந்தத் தம்பதி ஸ்பானியர் வசமிருந்த மிசௌரிக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயும் காடு, அங்கேயும் வேட்டை. ரெபெக்கா 1813இலும் அவர் 1820இலும் அங்கேயே இறந்தார்கள்.

மான் என்ன ஆயிற்று? 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க எஞ்சிய வெண்வால் மான்கள் 5 லட்சத்துக்கு மேல் இருக்காது என்று மதிப்பிடுகிறார்கள். இன்று சுமார் 3 கோடி. இந்த மீட்சிக்குப் புதுக் காடு எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1900இல் வந்த லேசி சட்டம், சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. மாநிலங்கள் பருவம் குறித்தன, ஆளுக்கு இத்தனை என்று அளவு வைத்தன, காட்டு மான் கறி விற்பதைத் தடை செய்தன, அற்றுப்போன காடுகளில் கொண்டுவந்து விட்டன. 1937 முதல் துப்பாக்கி, தோட்டா மீதான வரிப்பணம் இந்த வேலைக்குப் போகிறது. அந்த எல்ம் மரத்தடி மசோதாவை, 150 வருடம் தாமதமாக, நிஜமாகவே நடத்திக்காட்டினார்கள் என்று சொல்லலாம்.

நல்ல வேட்டைக்கு எந்த ஊர் என்று கேட்கிற அமெரிக்கக் குடும்பங்கள் இன்றும் உண்டு. மண், பயிர், பொதுக்காடு, உரிமக் கட்டணம் எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பூன் கதையைப் படித்தபின் எனக்கு ஒன்று புரிந்தது. மான் நிறைய இருக்கும் ஊர் என்று தானாக ஒன்று கிடையாது. யாரோ தீ வைத்துப் புல் வளர்த்த, யாரோ சுடாமல் கையைக் கட்டிக்கொண்ட ஊர்தான் உண்டு. பூன் அதைத் தேடிப்போனபோது அது கேப்டன் வில்லின் ஊராக இருந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அது யாருடைய வேட்டைக்காடாகவும் இல்லை. இரண்டு மகன்களைக் கொடுத்து அவர் வாங்கிய இடம் அது. அந்த விலைக்கு ரெபெக்காவிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.