கல்விக் கடனும் மக்கட் பணியும்

நோயாளிக்கு மருந்தளிக்கும் வைத்தியரும், இரவெல்லாம் கண்விழிக்கும் தாதியும், பின்தங்கிய ஊரிற் கற்பிக்கும் ஆசிரியரும், தாம் படிப்பதற்குப் பட்ட கடனைத் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து ஆண்டாண்டாக அடைக்க வேண்டுமா? அன்றி அவர்தம் பணியே அக்கடனுக்கு ஈடாகுமா? இக்கேள்வியை ஆராயப் புகும் நாம், கல்முனைக் கரையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நன்று.

1942ஆம் ஆண்டு. ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் இலங்கைக்கு அரிசி வரவு அற்றது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ். நெல்லைப் பெருக்க வந்தவர், நெல் விளையும் அம்மண்ணில் உயர்கல்வி விளையாதிருந்த நிலையைக் கண்டார்.

இந்நிலைக்குக் காரணம் மக்களின் அறியாமையன்று. அந்நாளிற் தமிழ்ப் பாடசாலையிற் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் உண்டு. வைத்தியத் தொழிலுக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் வழி ஆங்கிலத்தினூடாகவே சென்றது. போடியாரின் வயலில் வேளாண்மை செய்தவரின் மகனும் மருதமுனை நெசவாளியின் மகனும் எழுத்தறியலாம், வைத்தியராதல் அரிது. காணியுள்ளவன் அதை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கலாம். காணியில்லாதவன் எதை ஈடுவைப்பான்?

1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார் அஸீஸ். அம்முயற்சியே விரிந்து 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாயிற்று. வறிய மாணவர் பலர் அதனாற் பயன்பெற்றனர். எனினும் நன்கொடையாற் கைதூக்கிவிடக் கூடியவர் சிலரே. ஒரு சமுதாயம் முழுவதையும் கைதூக்கிவிட அரசின் கையே வேண்டும்.

அக்கையை நீட்டச் செய்தவர் கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. பணம் எங்கே என்று வசதி படைத்தோர் வினவினர். எதிர்ப்பையெல்லாம் கடந்து, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீங்கிற்று. கடன் பட்டபின் அதைத் தள்ளுவது ஒரு வகை. கடன் படாமலே காப்பது அதனினும் மேலான வகை. கல்முனைக் கரையின் ஆஸ்பத்திரிகளிலும் பாடசாலைகளிலும் இம்மண்ணின் பிள்ளைகள் பணிபுரிவது அந்தச் சீர்திருத்தத்தின் விளைவே.

ஆயினும் நீக்கப்பட்ட கடன் வேறு வாசலால் நுழைகிறது. தகுதி பெறும் மாணவர் பலருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. அவர்கள் தனியார் நிறுவனங்களிற் கற்பதற்கென 2017இல் வட்டியில்லாக் கடன்திட்டம் ஒன்றை அரசு தொடங்கிற்று. வட்டியை விலக்கி வாழும் இவ்வூர்களுக்கு அஃது ஆறுதலே. எனினும் முதல் முதலே, கடன் கடனே.

அமெரிக்காவில் 2007இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பொதுப்பணியிலிருந்து 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவருக்கு எஞ்சிய கல்விக் கடன் தள்ளுபடியாகும் என்பது அதன் சாரம். நல்லெண்ணம்தான், ஆனால் தொடக்கத்தில் விண்ணப்பித்தோரிற் மிகப் பெரும்பாலோரை விதிகளின் சிக்கல் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிற்று. உரிமையைக் காகிதச் சுவருக்குப் பின்னால் வைத்தால் அஃது உரிமையாகாது என்பதே நாம் பெறும் பாடம்.

இலவசமாகக் கற்ற வைத்தியர்களே நாட்டைவிட்டுப் போகிறார்களே, பின்னும் சலுகையா என்று கேட்போர் உளர். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பலர் வெளியேறியது உண்மை. அதனாலன்றோ, இங்கே தங்கிப் பணிபுரிவோரின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்கிறோம்! கடன்பட்டுக் கற்று, அரச ஆஸ்பத்திரியிலோ கிராமப் பாடசாலையிலோ சேவை செய்வோருக்கு, சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனின் ஒரு பங்கு எளிய விதிகளாற் தள்ளப்பட வேண்டும். தனியார் வாசலை நாடவே தேவையில்லாதபடி அரச பல்கலைக்கழகங்கள் பெருக வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! 1945இல் வென்ற உரிமை நமக்குக் கிடைத்த முதுசொம். அதைத் துண்டு துண்டாக ஈடுவைக்க நாம் இடங்கொடோம்.