அலுவிகாரையிலிருந்து அரபுத்தமிழ் வரை: புத்தகம் காப்பவர்கள் புதுக் கருவி பழகிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய பல்லேகம நகரம் இன்று களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கடைத்தெருவும் காரியாலயங்களும் லக்கல புதிய நகரத்துக்கு மாறிவிட்டன. வீட்டுக்கும் காணிக்கும் நட்டஈடு என்று ஒரு கணக்கு இருக்கிறது. பழைய பாடசாலை மலருக்கும், கல்யாண அழைப்பிதழுக்கும், பாட்டனார் கைப்பட எழுதிய கணக்குக் கொப்பிக்கும் யாரும் நட்டஈடு கேட்பதில்லை. ஓர் ஊர் இடம்பெயரும்போது லொறியில் கடைசியாக ஏறுபவை அவைதான். அந்தக் காகிதங்களைக் காப்பவர்களைப் பற்றி, அதாவது நூலகத்தில் வேலை செய்பவர்களைப் பற்றி, எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தோம்.

இந்தக் கதைக்கு நம் மாத்தளை மாவட்டத்திலேயே ஒரு தொடக்கம் இருக்கிறது. அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் அங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. பஞ்சமும் போரும் வந்து, மனனம் செய்த பிக்குகள் இறந்துபோகத் தொடங்கியதால்தான் எழுத முடிவு செய்தார்கள். குர்ஆன் தொகுக்கப்பட்ட வரலாறு தெரிந்த நமக்கு இது அந்நியமாகப் படாது. யமாமா போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது உமர் (ரலி) அவர்களுக்கு வந்ததும் இதே கவலைதான்.

எங்கள் கண்ணுக்குப் படுவது வேறொன்று. அந்தப் பிக்குகளுக்கு எழுத்து ஒரு புதிய கருவி. ஓதுவதில் தேர்ந்தவர்கள் ஓலையைப் பதப்படுத்தவும், எழுத்தாணி பிடிக்கவும், கீறிய வரியில் மை பூசித் துடைக்கவும் பழக வேண்டியிருந்தது. வயதான ஒரு பிக்கு, "இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தோமே, இது எதற்கு?" என்று முணுமுணுத்திருக்க மாட்டாரா? இது எங்கள் கற்பனை. ஆனால் கணனிப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது.

பல நூற்றாண்டுகள் அங்கே இருந்த சுவடிகளுக்கு 1848இல் முடிவு வந்தது. மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் பழைய சுவடி நூலகமும் அழிந்தது. வீரபுரன் அப்புவின் கதையைப் பாடப்புத்தகம் சொல்கிறது. சுவடிகளின் கதையை நாங்கள்தான் வகுப்பில் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். திரிபிடகம் மட்டும் அழியவில்லை. அது எப்போதோ பிரதி எடுக்கப்பட்டுப் பல விகாரைகளுக்கும் நாடுகளுக்கும் போய்விட்டிருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு அப்படி வாய்க்கவில்லை. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது யாழ். பொது நூலகம். இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டு, 1959இல் புதிய கட்டடத்தில் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கி வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதன் அரசியல் எல்லோருக்கும் தெரியும். நூலகக் கண்ணோடு பார்த்தால், அச்சு நூல் பலவற்றை வேறெங்காவது தேடி வாங்கலாம். ஓலைச்சுவடியும், கையெழுத்துப் பிரதியும், ஓர் ஊரில் மட்டும் விற்ற சிறு பத்திரிகையும் ஒரே பிரதியாக ஓர் அலமாரியில் இருந்தவை. அவற்றின் பட்டியல்கூட அதே கட்டடத்துக்குள்தான் இருந்தது என்றால் என்ன தொலைந்தது என்று சொல்லவும் வழியில்லை.

பட்டியல் என்றதும் நூலகரின் கருவிகளுக்கு வருவோம். 1876இல் அமெரிக்கர் மெல்வில் டூயி அறிவையெல்லாம் பத்து வகுப்பாகப் பிரித்து எண் கொடுத்தார். இன்றும் நம் நகரசபை, பிரதேச சபை நூலகங்களில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் அவருடையதுதான். சமயத்துக்கு 200. அதில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவத்துக்கு. இஸ்லாத்துக்கு 297 என்ற ஒரே எண். தஃப்ஸீரும் ஃபிக்ஹும் வரலாறும் அதற்குள் புள்ளி போட்டுப் புள்ளி போட்டு நெருக்கியடித்து உட்கார வேண்டும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. எண்ணின் நீளத்தைப் பார்த்தாலே டூயியின் மேசையிலிருந்து நாம் எவ்வளவு தூரத்தில் இருந்தோம் என்று தெரியும்.

பிறகு அட்டைப் பெட்டி போய்க் கணனி வந்தது. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நூல் விபரத்தைக் கணனி படிக்கும் வடிவத்துக்கு மாற்றியவர் ஹென்றியட் அவ்ராம் என்ற பெண்மணி. அவர் நூலகராகப் பயின்றவரே அல்ல, கணனி நிரலாளர். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய மென்பொருள் நின்றுவிடும் என்று பயந்த நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதப்பட்டது கோஹா. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். பெயருக்கேற்ப இலவசம். இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்களிலும் இன்று அதைக் காணலாம்.

2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலன் புளோவர்ஸ் என்பவர் ஒரு வேலை செய்தார். ஊழியர்களை வகுப்பில் உட்கார்த்தி விரிவுரை நடத்தாமல், இணையத்தில் செய்து பார்க்க வேண்டிய 23 சிறு வேலைகளைக் கொடுத்தார். படம் ஏற்று, விக்கியில் ஒரு வரி திருத்து, ஒலிக்கோப்பு கேள், செய்ததைப் பற்றி நாலு வரி எழுது. முகப்பு மேசை ஊழியர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் ஒரே 23. முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் எம்பி3 கருவி ஒன்று பரிசு. (நமது செயலமர்வுகளில் தேநீரும் சான்றிதழும்தான்.) பல நாட்டு நூலகங்கள் அதைப் பின்பற்றின. ஆசிரியர் கலாசாலையில் படித்த எங்களுக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. கையால் செய்யாமல் கருவி பழகுவதில்லை.

தமிழில் அந்தக் காலத்தில் நடந்தது இன்னும் விசித்திரமானது. இங்கே நூலகர்களுக்கு முன்பே நூலகர் அல்லாதவர்கள் கருவியைக் கையில் எடுத்துவிட்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த வேதியியல் விஞ்ஞானி. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். ஒருவர் அடிப்பார், இன்னொருவர் பிழை பார்ப்பார்.

2005இல் இலங்கையில் நூலகம் இணையத்தளம் தொடங்கியது. தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்கள் முன்நின்றார்கள். இலங்கைத் தமிழ் பேசுவோரின் நூல், சஞ்சிகை, பத்திரிகை, நினைவு மலர், துண்டுப் பிரசுரம் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டு, விக்கி முறையில் பட்டியலிடப்பட்டது. போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பிரதியை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கொண்டுவருவதே ஒரு பயணம். இன்று அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன, யாரும் இலவசமாகத் திறக்கலாம். எங்கள் மாணவர்களின் ஒப்படைகளில் பாதி அந்தத் தளத்தின் கடனில்தான் நடக்கிறது.

இந்த வேலைக்கு வந்தவர்கள் முதலில் மோதிய சுவர் பாமினி. எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறோம். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால், கணனிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு உள்ள கணனியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கிலக் குப்பை. தேடுபொறிக்கும் அது குப்பைதான். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், நம் பாடசாலை வினாத்தாள்களும் பள்ளிவாசல் அறிவித்தல்களும் பாமினியை விட்டு இறங்க மனமில்லாமல் இருந்தன. இன்னும் இருக்கின்றன. இருபது வருடத்துக்கு முன் பாமினியில் அடித்து, புத்தகம் அச்சானதும் சீடியில் போட்டு வைத்த கோப்புகள் எத்தனை? சீடி சுழன்றாலும் மாற்றித் தர ஆள் தெரிந்திருக்க வேண்டும். இந்த மாற்றத்தைத் தெரிந்த ஒரே ஓர் ஊழியர் ஒரு நூலகத்தில் இருந்தால், ஊரின் கால் நூற்றாண்டு எழுத்து மீளும்.

அடுத்த கருவி, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி. 2015 வாக்கில் கூகிளின் எழுத்துணரி தமிழையும் ஓரளவு நன்றாகப் படிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் த. சீனிவாசன் என்ற நிரலாளர் அதை விக்கிமூலத்தோடு இணைக்கும் நிரலை எழுதினார். மாதக்கணக்கில் தட்டச்சு செய்ய வேண்டிய புத்தகம் சில மணிநேரத்தில் எழுத்தானது. பிழைகள் ஏராளம். பிழை பார்ப்பதற்கு மனிதர் வேண்டும், அந்த வேலை இன்னும் முடியவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து எழுத்துகளை உண்டாக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்களின் கிதாபுகள் கடல் கடந்து நம் வீடுகளுக்கு வந்தன. ஓதப் பழகிய நம் உம்மும்மாமார், தமிழ் எழுத்து தெரியாமலே, தமிழை வாசித்தது இப்படித்தான். இந்தக் கிதாபை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் போட்டால் என்ன ஆகும்? அரபு எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு இந்த மொழி தெரியாது. தமிழைப் படிக்கும் மென்பொருளுக்கு இந்த எழுத்து தெரியாது. பட்டியல் போடும் நூலக ஊழியர் அரபு நூல் என்று நினைத்து 297இல் தள்ளிவிடுவார். அதன்பின் தமிழ் என்று தேடுபவருக்கு அது ஒருபோதும் அகப்படாது.

தமிழ் எழுத்தில் அச்சானவற்றின் நிலையும் அப்படியொன்றும் நிம்மதியானதல்ல. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார், 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். அவர் பெயரில் பாடசாலை உண்டு, முத்திரை உண்டு. அந்தப் பத்திரிகையின் இதழ்களை ஒரு மாணவர் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எங்கே அனுப்புவது?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்டது சுமார் இரண்டு மணிநேரம். யார் அலமாரியைத் திறந்திருப்பார்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு வேறு விதமான இழப்பு. வீடுகளில் சோதனை நடந்த அந்த மாதங்களில், அரபு எழுத்தைக் கண்டாலே ஆபத்து என்ற பயத்தில் நம்மவர்கள் தங்கள் கையாலேயே புத்தகங்களை அகற்றினார்கள். மௌலூதுக் கிதாபும் அதில் போயிருக்கும், மூத்தம்மாவின் வைத்தியக் குறிப்பும் போயிருக்கும். உள்ளே இருந்தது தமிழ் என்பது வந்த பொலிஸாருக்குத் தெரியாது, பல வீடுகளில் நம் பிள்ளைகளுக்கும் தெரியாது. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஸ்கேன் செய்யக் கேட்டால், "எதற்கு வம்பு சேர்?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

நூலகம் தளத்தில் முஸ்லிம் ஆவணகம் என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அதில் சேர்ந்தவை பல, சேராதவை நம் பரண்களில் இருக்கின்றன. பரணுக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்க வேண்டியவர் நம் ஊர் நூலகத்தின் உதவியாளர்தான். புத்தகத்தின் முதுகை உடைக்காமல் விரித்துப் படமெடுக்க, கோப்புக்குத் தேடக்கூடிய பெயர் வைக்க, மொழி தமிழ், எழுத்து அரபு என்று இரண்டு கட்டத்திலும் சரியாக நிரப்ப, மூலப் பிரதியை அன்று மாலையே சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்க அவர் பழக வேண்டும். முதல் மூன்றையும் ஒரு வார இறுதியில் சொல்லிக் கொடுக்கலாம். நான்காவதுக்கு ஊர் அவரை நம்ப வேண்டும். நல்லவேளை, ஊரில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கே அதிகம் தெரியும்.

உங்கள் வீட்டில் அரபுத்தமிழ்க் கிதாபோ, பழைய பாடசாலை மலரோ, பள்ளிவாசல் கணக்கேடோ இருந்தால் இப்போதைக்கு எங்கும் கொண்டுபோக வேண்டாம். பகல் வெளிச்சத்தில் முதல் பக்கத்தையும், அச்சகத்தின் பெயரும் ஆண்டும் இருக்கும் பக்கத்தையும் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் உள்பெட்டியில் அனுப்புங்கள். எழுத்து வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அதையும் எழுதுங்கள். அவர்களைத்தான் முதலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.